ஒரு காதுக்கு மட்டும் போதுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது நிதானமாகப் படியுங்கள்.

இந்த இரண்டு மாதத்தில் மட்டும் நான்கு பேர் இன்பாக்ஸில் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். "டீச்சர், அம்மாவுக்குக் காது மெஷின் வாங்கணும். ரெண்டு காதும் மந்தம்னு டெஸ்ட்ல சொல்றாங்க. ஒரு காதுக்கு மட்டும் வாங்கினாப் போதும்தானே?" நான் இரண்டு காதிலும் மாட்டியிருப்பதைப் போட்டோவில் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் கேட்கிறீர்கள் என்று புரிகிறது. நம் சொந்தத்திலும் ஒரு வீட்டில் இதே பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் தனித்தனியாகப் பதில் போடாமல் பொதுவில் எழுதுகிறேன்.

என் பதில் இதுதான். இரண்டு காதும் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்திருந்தால் இரண்டுக்கும் மாட்டிப் பாருங்கள். மாட்டிப் பார்த்த பிறகு ஒன்றே போதும் என்று தோன்றினால், அதை மாட்டுகிறவர் சொல்லட்டும். பணம் கட்டுகிறவர் முன்கூட்டியே சொல்ல வேண்டாம்.

நான் டாக்டர் இல்லை. மூன்றாம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் பாடம் எடுத்தவள். ஆனால் என் காது சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் படித்தும், என் ஆடியாலஜிஸ்டைத் துளைத்தெடுத்தும் தெரிந்துகொண்டவை சில உண்டு.

"ஒண்ணு வாங்கி, சத்தத்தைக் கூட்டி வச்சுக்கலாம்." எல்லா வீட்டிலும் சொல்கிற வாக்கியம் இது. காது மந்தம் என்றால் ரேடியோவில் சத்தம் குறைந்துபோன மாதிரி, குமிழைத் திருகினால் சரியாகிவிடும் என்று நினைக்கிறோம். அப்படி இருந்தால் வேலை சுலபம்தான்.

நன்றாகக் கேட்கும் காதை ஒரு அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். தரை என்பது காதுக்கு எட்டுகிற மிக மெல்லிய சத்தம். கூரை என்பது தாங்க முடியாத சத்தம். டெசிபல் கணக்கில் தரை 0 பக்கம், கூரை 100 பக்கம். உட்கார, நிற்க, நடக்கத் தாராளமாக இடம் இருக்கிறது. வயதாகிக் காது குறையும்போது தரை உயர்ந்துகொண்டே வரும். 60 டெசிபல் இழப்பு என்றால் தரை 60க்கு வந்துவிட்டது என்று அர்த்தம். எதிரே உட்கார்ந்து ஒருவர் சாதாரணமாகப் பேசுவதே 60 டெசிபல் அளவுதான். அதாவது பேச்சு தரையோடு தரையாகக் கிடக்கிறது. ஆனால் கூரை? அது ஏறுவதில்லை. கிட்டத்தட்ட பழைய இடத்திலேயே நிற்கிறது. நூறடி உயர மண்டபத்தில் இருந்தவர் நாற்பதடி அறைக்குள் வந்துவிட்டார்.

இதற்குக் காரணம் உள்காதில் இருக்கும் மயிர்ச்செல்கள். ஒரு காதில் சுமார் 15,000 இருக்கின்றன. அதில் பெரும்பங்கு, சுமார் 12,000, வெளி வரிசையில் இருப்பவை. மெல்லிய சத்தத்தைத் தூக்கிக் கொடுப்பதுதான் அவற்றின் வேலை. பெரிய சத்தத்துக்கு அவற்றின் தயவு தேவையில்லை. முதுமையிலும் இரைச்சலிலும் முதலில் சாவது பெரும்பாலும் இந்த வெளி வரிசைதான். மனிதர்களுக்கு அவை திரும்ப முளைப்பதில்லை. ஆகவே மெல்லியது கேட்காது. பெரியது பழையபடியே பெரியதாகக் கேட்கும். நடுவில் சத்தம் கொஞ்சம் கூடினாலே காதுக்குள் மளமளவென்று ஏறிவிடும். 1930களிலேயே நியூயார்க்கில் எட்மண்ட் ஃபௌலர் என்ற காது மருத்துவர் இதைக் கண்டு எழுதி, இதற்கு 'ஆள்சேர்ப்பு' என்று பொருள்படும் ஒரு பெயரும் வைத்தார். உங்கள் ஏழாம், எட்டாம் வகுப்பு அறிவியலில் 'உரப்பு' என்று ஒரு சொல் வந்ததே, நினைவிருக்கிறதா? ஒலியின் அளவு வேறு, அது காதுக்குத் தோன்றும் உரப்பு வேறு. காது மந்தமானவருக்கு அந்த இரண்டுக்கும் இடையிலான கணக்கே மாறிவிடுகிறது.

இது புரிந்தால் வீட்டில் பாதிச் சண்டை தீரும். அதனால்தான் இவ்வளவு விளக்குகிறேன்.

மாமியார் "என்ன சொன்னே?" என்பார். மருமகள் திரும்பச் சொல்வாள். மறுபடி "ஆங்?" என்பார். மூன்றாம் தடவை அவள் குரலை உயர்த்துவாள். உடனே "எதுக்கு இந்தக் கத்து கத்துறே?" என்று மாமியாருக்குக் கோபம் வரும். மருமகளுக்கு அழுகை வரும். அடுத்த அறையில் கொலுசு ஒலிப்பது கேட்காதவருக்கு, சமையலறையில் எவர்சில்வர் தட்டு விழுந்தால் தூக்கிவாரிப் போடும். உடனே ஒரு பட்டம் கொடுத்துவிடுகிறோம்: "அவங்களுக்கு வேணுங்கறது மட்டும் நல்லாக் கேக்கும்." எத்தனை வீட்டில் எத்தனை கிழவிகள் இந்தப் பட்டத்தோடு செத்துப்போயிருக்கிறார்கள்! வேஷமில்லை பிள்ளைகளே. தரையும் கூரையும் நெருங்கிவிட்ட அறையில் அவர்கள் குனிந்து நடமாடிக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. வயதில் வரும் மந்தம் பெரும்பாலும் கூர்மையான ஒலிகளில்தான் முதலில் தொடங்கும். நான் சொல்வதெழுதுதல் வைத்த காலத்தை நினைத்துப் பாருங்கள். கட்டு, தட்டு, பட்டு. மூன்றிலும் உயிர் ஒலி ஒன்றே. வித்தியாசம் முதல் மெய்யில்தான் இருக்கிறது. பேச்சில் பலமெல்லாம் உயிரெழுத்தில், பொருளெல்லாம் மெய்யெழுத்தில். அதிலும் க், ச், ட், த், ப் எல்லாம் மெலிந்த, சட்டென்று மறையும் ஒலிகள். காது மந்தமானவருக்கு உயிர் கேட்கும், மெய் நழுவிவிடும். "சத்தம் கேக்குது, வார்த்தை புரியல" என்று அவர்கள் சொல்வது அப்பட்டமான உண்மை. நாம் கத்தும்போது பலப்படுவது உயிரெழுத்துதான். மெய் அதற்கடியில் இன்னும் நசுங்கிவிடும். எதிரே வந்து, முகம் தெரிய, நிதானமாகப் பேசுவதே உதவும்.

தாத்தா காலத்து மெஷின் பீரோவுக்குள் போனதற்கும் இதுவே காரணம். சட்டைப் பையில் பெட்டி, அதிலிருந்து ஒயர். அது எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி தூக்கியது. பேச்சு கேட்கிற அளவுக்கு வைத்தால் பஸ் ஹாரன் மண்டையைப் பிளக்கும். இப்போதுள்ள டிஜிட்டல் கருவிகள் மெல்லியதை அதிகமாகவும், நடுத்தரத்தைக் கொஞ்சமாகவும், பெரியதை மிகக் குறைவாகவும் தூக்குகின்றன. நூறடி மண்டபத்துச் சாமான்களை நாற்பதடி அறைக்குள் மடித்து வைக்கும் வேலை.

சரி, ஒன்றா இரண்டா என்ற கேள்விக்கு வருகிறேன்.

ஒரே சத்தத்தை ஒரு காதால் கேட்பதைவிட இரண்டு காதாலும் கேட்டால் அது பெரியதாகத் தோன்றும். மூளை இரண்டையும் கூட்டிக்கொள்கிறது. மிக மெல்லிய சத்தத்தில் இந்தக் கூட்டல் சுமார் 3 டெசிபல். அதற்கு மேல் போகப் போகக் கூடும். கருவியில் எந்த அளவு சத்தம் வைப்பது என்பதற்குக் கணக்குகள் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் தேசிய ஒலியியல் ஆய்வகம் வகுத்த கணக்கு உலகம் முழுக்கப் பயன்படுகிறது. இரண்டு காதுக்கும் மாட்டும்போது ஒவ்வொரு கருவியையும் சில டெசிபல் குறைத்தே வைக்கச் சொல்கிறது அந்தக் கணக்கு. பெரிய சத்தங்களுக்கு இன்னும் கூடுதலாகக் குறைக்கிறது.

இதன் பலனை யோசியுங்கள். ஒற்றைக் கருவி என்றால் வேலை முழுவதும் ஒரே காதின் தலையில் விழும். சத்தத்தைக் கூட்டுவோம். கூட்டினால் கூரை இடிக்கும், கருவி 'குய்ங்' என்று விசிலடிக்கும். இரண்டு இருந்தால் இரண்டும் தணிவாக ஓடும், கூரையைத் தொடாமல் பேச்சு கேட்கும். சத்தம் பிடிக்காத பெரியவருக்கு "ரெண்டு மாட்டினா ரெண்டு மடங்கு இரைச்சலா இருக்கும், பாவம்" என்று சொல்கிறோமே, நடப்பு அதற்கு நேர் எதிர். சரியாக அமைத்தால் இரண்டுதான் மெதுவானது.

இதில் ஒரு எச்சரிக்கை. முதலில் ஒன்று வாங்கி, ஒரு வருடம் கழித்து இன்னொன்று வாங்குகிறவர்கள் உண்டு. தப்பில்லை. ஆனால் இரண்டாவதை வாங்கும்போது முதல் கருவியையும் கொண்டுபோய்ச் சேர்த்து அமைக்கச் சொல்லுங்கள். அது ஒற்றைக் காதுக்கான கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். அப்படியே விட்டால் சத்தம் கூடிப்போய், "ரெண்டும் சேர்ந்தா தாங்க முடியலை" என்று இரண்டாவது பீரோவுக்குப் போய்விடும்.

சத்தம் மட்டுமே விஷயம் என்றாலும் முழு உண்மை ஆகாது. அமெரிக்காவில் பாஸ்டனில் உள்ள நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் எப்ஸ்டீன், ஃப்ளோரன்டீன் என்ற இருவர் ஒன்று கண்டார்கள். ஹெட்போனில் வெறும் ஒலியைக் கொடுத்தால் ஒரு காதுக்கும் இரண்டு காதுக்கும் உரப்பில் பெரிய வித்தியாசம் தெரிகிறது. அதுவே, முகம் தெரிய எதிரே ஒருவர் பேசும்போது அந்த வித்தியாசம் மிகவும் சுருங்கிவிடுகிறது. ஒரு காதைப் பொத்திக்கொண்டு உங்கள் பிள்ளையைப் பேசச் சொல்லிப் பாருங்கள். அவன் குரல் பாதியாகக் குறைந்த மாதிரி இருக்காது. அமைதியான அறையில் ஒருவரோடு ஒருவர் பேசும்போது ஒற்றைக் கருவியும் பெரும்பாலும் சமாளித்துவிடும். கடையில் ஒன்றை மாட்டிப் பார்த்து "இதுவே நல்லாக் கேக்குதே" என்று சொல்வது இதனால்தான். கடைக்குள் அமைதி. எதிரே ஒரே ஆள். பரீட்சை சுலபம்.

தெருவுக்கு வாருங்கள். அங்கேதான் இரண்டாவது காதின் அருமை தெரியும். வலப்பக்கம் எழும் சத்தம் வலக் காதுக்கு முதலில் வரும், இடக் காதுக்குக் கொஞ்சம் பிந்தி வரும். அந்தப் பிந்தல் எவ்வளவு தெரியுமா? ஒரு நொடியை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்குகூட முழுதாக இல்லை. அதை வைத்துத் திசையைச் சொல்கிறது மூளை. போதாததற்கு நம் தலையே ஒரு சுவர் மாதிரி. கூர்மையான ஒலிகள் தலையைச் சுற்றி அந்தப் பக்கம் போவதற்குள் 15 டெசிபல் அளவுக்குக்கூடத் தேய்ந்துவிடும். மேலே சொன்ன மெலிந்த மெய்யெழுத்துகள்தான் முதலில் தேய்கின்றன. வலக் காதில் மட்டும் கருவி போட்டவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்த பேத்தி பேசினால் உயிர் வரும், மெய் வராது. இடப்பக்கம் வரும் ஸ்கூட்டர், வலப்பக்கம் வருவது போலக் கேட்கும். இது சௌகரியம் பற்றிய பேச்சே இல்லை. காலையில் பால் வாங்க ரோட்டைக் கடக்கும் எழுபது வயதுக்காரரின் உயிர் பற்றியது.

கல்யாண மண்டபத்தைக் கேட்காதீர்கள். மேளத்தோடு கூடிய மண்டபத்தில் எத்தனை கருவி மாட்டினாலும் பேச்சு கேட்பது கஷ்டம்தான். நல்ல காதுக்கே கேட்பதில்லை. ஆனால் வீட்டுக்கூடத்தில் நாலு பேர் பேசும்போது, டி.வி. ஓடும்போது, யார் பேசுகிறார்கள் என்று தலை தானாகத் திரும்புகிறது பாருங்கள், அது இரண்டு காதின் வேலை. என் அனுபவத்தில் எனக்குப் பெரிதாகப் பட்டதும் அதுதான். எல்லாரும் சிரிக்கும்போது நானும் அதே நேரத்தில் சிரிக்கிறேன். முன்பெல்லாம் அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு நொடி தாமதித்துச் சிரிப்பேன்.

மாட்டாத காதுக்கு என்ன ஆகும் என்றும் கேட்க வேண்டும். 1984இல் அமெரிக்காவில் சில்மன், கெல்ஃபாண்ட், சில்வர்மன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், இரண்டு காதும் மந்தமாக இருந்தும் ஒரு காதுக்கு மட்டும் கருவி போட்டவர்களைச் சில வருடம் கழித்துச் சோதித்தார்கள். கருவி போடாத காதில் ஒலி எட்டும் அளவு அப்படியே இருந்தது. ஆனால் சொற்களைப் புரிந்துகொள்ளும் திறன் இறங்கிவிட்டது. எல்லாருக்கும் இப்படி ஆகும் என்று சொல்ல முடியாது. பிறகு கருவி மாட்டிச் சிலருக்குத் திரும்பியதும் உண்டு. ஆனாலும் கேட்காமல் கிடக்கும் காது சொல்லை மறக்கும் என்பது கணக்கில் வரவேண்டிய விஷயம். மூன்று மாதம் எழுதாத பிள்ளையின் கையெழுத்தைப் பார்த்தவளுக்கு இது ஆச்சரியமில்லை.

இனி எதிர்ப்பக்கம். "கண்ணாடி ஒரு கண்ணுக்கு மட்டுமா போடுவீங்க?" என்று கடைக்காரர்கள் கேட்பார்கள். அந்த உவமை எனக்கு ஒப்பவில்லை. கண்ணாடி போட்டால் பார்வை அநேகமாகச் சரியாகிவிடும். காது கருவி அப்படிச் சரியாக்குவதில்லை, உதவுகிறது. அமெரிக்காவில் மெம்ஃபிஸ் பல்கலைக்கழகத்தின் ராபின் காக்ஸ் குழு 94 பேருக்கு ஒன்று, இரண்டு என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பழகவிட்டுக் கடைசியில் விருப்பம் கேட்டது. 46 சதவீதம் பேர் ஒன்றே போதும் என்றார்கள். 2011இல் வந்த ஆய்வு இது. வயதானவர்களில் சிலருக்கு இரண்டு காதிலிருந்தும் வரும் ஒலியை மூளை ஒழுங்காகச் சேர்க்காமல், இரண்டாவது கருவி இடைஞ்சலாகவே ஆகிவிடுவதும் உண்டு. ஒரு காது முழுக்கப் போய்விட்டவர், ஒரு காது நன்றாகவே இருப்பவர், சீழ் வடிகிறவர் கணக்கெல்லாம் தனி. திடீரென ஒரு காது அடைத்துப்போனால் மெஷின் கடைக்குப் போகவே கூடாது. அன்றைக்கே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் ஓட வேண்டும்.

ஆகவே எல்லாருக்கும் இரண்டு என்று நான் வாதாடவில்லை. அந்த 46 சதவீதம் பேரும் இரண்டையும் வாழ்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்கள். நம் வீட்டில் பார்க்காமலேயே முடிவாகிவிடுகிறது.

பணம் பெரிய விஷயம்தான். ஓய்வூதியத்தில் வாழ்பவளுக்குத் தெரியாதா? ஆனால் நம் ஆட்கள் செய்வது விசித்திரமாக இருக்கிறது. ஒரு லட்சம் ஒதுக்கிவிட்டு, "அம்மாவுக்கு உசத்தியானதா இருக்கட்டும்" என்று ஒற்றைக் கருவியை ஒரு லட்சத்துக்கு வாங்குகிறார்கள். அதே ராபின் காக்ஸ் குழு பின்னர் விலை கூடிய வகையையும் அடிப்படை வகையையும் ஒப்பிட்டபோது, அன்றாட வாழ்க்கையில் இரண்டும் தந்த பலனில் சொல்லத்தக்க வித்தியாசம் காணவில்லை. என் கட்சி, அதே ஒரு லட்சத்துக்கு இரண்டு எளிய கருவிகள். புளூடூத்தும் பதினாறு சேனலும் இடப்பக்கத்து ஸ்கூட்டரைக் காட்டித் தரா.

அதுவும் முடியாதவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு காதிலும் பேச்சு ஒலிகளில் 60 டெசிபல் இழப்பிலிருந்து மாற்றுத்திறன் கணக்கில் வருகிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள முதியவர்களுக்கு 2017 முதல் மத்திய அரசின் வயோஸ்ரீ திட்டமும் இருக்கிறது. கருவி எப்படிக் கிடைத்தாலும், பெட்டியைப் பிரித்து அப்படியே மாட்டிக்கொள்ளாமல் ஆடியாலஜிஸ்டிடம் அமைத்துக்கொள்ளுங்கள். இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள். கூச்சம் வேண்டாம். ஒரே பெட்டியிலிருந்து இரண்டாகப் பிரியும் ஒயரை இரண்டு காதிலும் வைப்பதை 'இரண்டு கருவி' என்று சொல்லி விற்பார்கள். இரண்டு காதுக்கும் ஒரே ஒலி போகும், திசை தெரியாது. அது இரண்டு ஆகாது.

அமைக்கும்போது "கேக்குதா?" என்று மட்டும் கேட்டு அனுப்பும் இடத்துக்கு இரண்டாம் தடவை போகாதீர்கள். எது மெல்லியது, எது சுகமாக இருக்கிறது, எது தாங்கவில்லை என்று மூன்றையும் கேட்க வேண்டும். ஒரு எவர்சில்வர் தட்டும் கரண்டியும் பையில் கொண்டுபோய்த் தட்டிக் காட்டச் சொல்லுங்கள். நான் கொண்டுபோனேன். அந்தப் பெண் சிரித்தாள், பிறகு கூரையை இரண்டு டெசிபல் இறக்கினாள். முதல் சில வாரம் ஃபேன் சத்தமும் தன் சாப்பாட்டை மெல்லும் சத்தமும்கூடப் பெரிதாகத் தோன்றும். பழகப் பழகத் தணியும். வீட்டுக்குள் இரண்டு மணி நேரம், பிறகு நாலு, பிறகு வெளியே. இரண்டு மூன்று தடவை திரும்பப் போய்த் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கும். அந்த நடையையும் கருவியின் விலையில் சேர்த்தே கணக்குப் போடுங்கள், லீவும் போடுங்கள்.

கடைசியாக ஒன்று. அந்த நால்வரில் ஒருத்தி எழுதியிருந்தாள்: "நாங்க ரெண்டு வாங்கத் தயார்தான் டீச்சர். அம்மாதான், எனக்கெதுக்கு ரெண்டு, இன்னும் எத்தனை நாள் இருக்கப்போறேன்னு சொல்றாங்க."

பதிவை நான் எழுத உட்கார்ந்ததே இந்த வரிக்காகத்தான். அம்மா பணத்தைப் பற்றித்தான் பேசுகிறார். தன் காதைப் பற்றிப் பேசவில்லை. வாழ்நாளெல்லாம் கடைசித் தோசையைத் தான் சாப்பிட்டவர் வேறென்ன சொல்வார்? நீ அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதே. எத்தனை நாள் என்று அவரும் சொல்ல முடியாது, நீயும் சொல்ல முடியாது. அறுபத்தெட்டில் இதைச் சொல்லிவிட்டுத் தொண்ணூறு வரை இருந்தவர்கள் நம் தெருவிலேயே உண்டு. இருபத்திரண்டு வருடம், வீட்டில் எல்லாரும் பேசிக்கொண்டிருக்க, நடுவில் ஒரு நாற்காலி மாதிரி உட்கார்ந்திருப்பது என்றால் என்ன என்று யோசித்துப் பார். வாதாடாதே. சோதனை முறையில் தருகிற இடத்தில் இரண்டையும் வாங்கி வந்து ஒரு மாதம் மாட்டிவிடு. மாதம் முடிந்ததும் ஒரு நாள் ஒன்றை மட்டும் கழற்றிப் பார்க்கச் சொல். எதைத் திருப்பிக் கொடுப்பது என்று அம்மாவே சொல்வார். ஒன்று போதும் என்றால் சரி, நிம்மதியாகத் திருப்பிக் கொடு.

சந்தேகம் இருந்தால் கீழே கமெண்டில் எழுதுங்கள், தெரிந்தவரை சொல்கிறேன். ஆடியோகிராம் படம் அனுப்புகிறவர்கள் பேரையும் விலாசத்தையும் மறைத்துவிட்டு அனுப்புங்கள். போன் பண்ண வேண்டாம். என் கருவியில் போன் வசதி இல்லை, போனை ஒரு காதில்தான் வைக்க வேண்டியிருக்கிறது.